ஆக்சிஜனைத் தின்றது யார்?

மீட்டரில் ஆறு என்றிருந்த எண், மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாகி, நான்காகி, மூன்றில் போய் நின்றது. தண்ணீரில் ஆக்சிஜன் மூன்றுக்கு வந்தால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இந்தக் குளத்து மீன்களோ துள்ளி விளையாடிக்கொண்டிருந்தன.

மீன் பண்ணையில் அவருக்குக் 'கல்தூண்' என்று பட்டப்பெயர். ததும்பும் டம்ளரோடு மாடி ஏறினாலும் ஒரு சொட்டு சிந்தாது. அப்படிப்பட்ட கை. குளத்தின் மேல் நீட்டிய பலகையில் உட்கார்ந்து, மீட்டரின் வயரைப் பிடித்து, அதன் நுனியிலிருந்த புரோபை, அதாவது ஆக்சிஜனை அளக்கும் முனையை, தண்ணீருக்குள் இறக்கியிருந்தார்.

மீட்டர் ஐந்துக்கு மேல் காட்டினால்தான் மீன்குஞ்சு வாங்குவேன் என்று வியாபாரி அம்மா சொல்லியிருந்தார். வண்டி வந்துகொண்டிருந்தது. பண்ணைக்குச் சொந்தக்காரரான மச்சானும் காலையிலேயே போன் பண்ணிவிட்டார்.

"மாப்பிள்ளை, வண்டி காலியா திரும்பிச்சுன்னா, நீங்க பழையபடி தீவன மூட்டைப் பக்கமே போயிடுங்க."

"எங்கிட்டயா மச்சான்? மீட்டர் என் கையில இருக்கு. கவலையை விடுங்க."

மனிதர் சும்மா பீற்றிக்கொள்ளவில்லை. வேலை தெரிந்தவர். புரோபின் மூடியைக் கழற்றி, பழைய சவ்வைத் தூக்கிப் போட்டார். புதுச் சவ்வு போட்ட மூடியில் அதற்கான திரவத்தை ஊற்றி, நகத்தால் தட்டித் தட்டிக் குமிழிகளை விரட்டினார். சவ்வுக்கு அடியில் கடுகளவு காற்று தங்கினாலும் புரோப் பொய் சொல்லும். ஈரப் பஞ்சு வைத்த குப்பிக்குள் அதை நுழைத்து, ஈரக் காற்றில் அளந்தார். நூறு சதவீதம். அப்பழுக்கில்லை.

தண்ணீரில் விட்டார். ஆறு, ஐந்து, நான்கு, மூன்று.

"கருவி சரியா இருக்கு. அப்போ குளத்துலதான் யாரோ ஆக்சிஜனைத் தின்கிறாங்க" என்று பாசியை முறைத்தார்.

அடுத்து, தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்த ஏரேட்டர் மேல் சந்தேகம் வந்தது. அலையடித்துக் கணக்கைக் குழப்புகிறதோ? நிறுத்தினார். குளம் கண்ணாடியானது. எண் இரண்டரை.

மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தார். இரண்டு.

வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் கையையே சந்தேகப்பட்டார். இரும்பு ஸ்டாண்டு ஒன்றைக் கொண்டுவந்து, அதில் வயரை இறுக்கிக் கட்டித் தொங்கவிட்டார். ஒன்றரை!

அவர் மனைவி போனோடு வந்து கரையிலேயே நின்றுகொண்டாள். வாளித் தண்ணீரைக் கண்டாலே இரண்டடி தள்ளி நிற்பவள்.

"என்னங்க, அண்ணன் லைன்ல இருக்காரு. என்ன சொல்ல?"

"எல்லாம் கன்ட்ரோல்ல இருக்குன்னு சொல்லு."

"ஒண்ணரைன்னு காட்டுதே?"

"அது கன்ட்ரோல்ல இருக்கற ஒண்ணரை."

கேட்டில் ஹாரன் அடித்தது. அதே நேரம் பார்த்து ஸ்டாண்டு சாயத் தொடங்கியது.

"சீக்கிரம் வா, இந்த வயரைப் பிடி! கேட்டைத் திறந்துட்டு வந்துடறேன்."

"பலகை மேலயா? நானா? ஐயோ, எனக்கு உயிரே போயிடும்!"

"ஒரு நிமிஷம்தான். கீழே பார்க்காத."

வியாபாரி அம்மாவோடு அவர் திரும்பி வந்தபோது, மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தாள். மீட்டரில் ஆறே முக்கால்.

"என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலை! கையும் காலும் உதறுது. முதல்ல என்னைக் கரையேத்துங்க!"

"நகரு, நகரு. மேடம், இப்போ பாருங்க, இதை எப்படிப் பிடிக்கணும்னு."

பிடித்தார். ஆறு, ஐந்து, நான்கு. வியர்த்துப் போய் வயரை அவளிடமே நீட்டினார். அவள் கை பட்டதும் ஐந்து, ஆறு. மறுபடி அவர் வாங்கினார். மறுபடி நான்கு.

"உன்னைக் கண்டா குளத்துக்கே பயம்" என்றார்.

"எனக்குத்தாங்க குளத்தைக் கண்டா பயம்!"

வியாபாரி அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் டிரைவர் பக்கம் திரும்பினார். "வண்டியைப் பின்னால எடுப்பா, குஞ்சு ஏத்தலாம்." பிறகு மேலாளரிடம் சொன்னார்:

"சார், ஆக்சிஜனைத் தின்கிறதே உங்க புரோப்தான். தன் நுனியில இருக்கறதைத் தின்னுதான் அது அளவு காட்டும், அசையாம பிடிச்சா அந்த இடம் காலியாயிடும். அதனால உங்க வீட்டம்மா மாதிரி ஆட்டிக்கிட்டே பிடிங்க."