காற்று மீட்டரும் கழுதை பவளக்கொடியும்

ஒரு காட்டில் புகைமூட்டம் இருந்தது. அதற்குள் காடும் இருந்திருக்க வேண்டும். வரி கேட்டு ஆள் வருவது நிற்காததால் விலங்குகள் அப்படித்தான் நம்பின.

கருங்காடு என்பது அதன் பெயர். முன்பெல்லாம் அங்கே கால் உள்ளவை நடந்தன, இறக்கை உள்ளவை பறந்தன. பிறகு டீசல் வந்தது. ஆமை மினி பஸ் ஓட்டியது. முயல் மணல் லாரி ஓட்டியது. பக்கத்துப் புதருக்குப் போவதற்குக்கூடச் சிறுத்தை ஜீப்பை எடுத்தது. கொஞ்ச நாளில் சூரியன் ஒரு வதந்தி போல ஆகிவிட்டது.

அந்தக் காட்டின் கிளுவைச் சந்தில் பவளக்கொடி என்ற கழுதை இருந்தாள். அவள் அம்மா பொதி சுமந்தவள். அம்மாவின் அம்மாவும் பொதி சுமந்தவள். பவளக்கொடி மட்டும் ஒரு பழைய டீசல் வேனை வாங்கி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு போனாள். அவள் வேன் கிளம்பினால் பின்னால் வருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் உலகம் தெரியாது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. புகை பின்னால் போயிற்று, அவள் முன்னால் போனாள்.

அவளுக்கு இளவஞ்சி என்று ஒரே மகள். மூச்சு விட்டால் விசில் சத்தம் வரும். ஊரையே கூட்டிக் கத்த வேண்டிய வயதில் அந்தக் குட்டியால் ஒரு முறை முழுதாகக் கத்த முடியவில்லை. பவளக்கொடி அவளைக் கொக்கு டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

"நல்ல காத்து படுற இடத்துல வச்சுக்கணும்மா," என்றார் டாக்டர்.

"அது எங்க இருக்குங்க டாக்டர்?"

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. "மாத்திரை எழுதித் தரேன்," என்றார்.

மகாராஜா சிங்கத்தின் கண்ணில் இந்தப் புகை ரொம்ப நாள் படவில்லை. அவர் காரின் கண்ணாடியே கறுப்பு. ஒரு நாள் பக்கத்துக் காட்டுப் புலி ராஜா விருந்துக்கு வந்தார். எல்லையில் நின்று வரவேற்ற சிங்கம், புகையில் தடுமாறித் தன் சொந்த டிரைவரான காட்டெருமைக்கு மாலை போட்டு, இரண்டு காடுகளின் நெடுநாள் நட்பைப் பற்றி அதனிடமே நெடுநேரம் பேசினார். காட்டெருமையும் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டே இருந்தது. புலி கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். காடு முழுவதும் சிரித்தது. சத்தமாகச் சிரிக்க மூச்சு இல்லாததால் மெதுவாகச் சிரித்தது.

மகாராஜா உடனே காற்றுத் துறை என்று ஒன்றைத் தொடங்கி, நரி மாசிலாமணியைச் செயலாளராகப் போட்டார். அதற்கு முன் மாசிலாமணி தண்ணீர்த் துறையில் இருந்தார். ஆறு வற்றியதும் அங்கே வேலை முடிந்துவிட்டது.

மாசிலாமணி வந்ததும் வராததுமாக உத்தரவுகள் போட்டார். பழைய டீசல் வண்டிகள் சாலைக்கு வரக் கூடாது. ஒற்றை எண் வண்டிகள் ஒரு நாள், இரட்டை எண் வண்டிகள் மறுநாள். வசதியுள்ள விலங்குகள் ஆளுக்கு இன்னொரு வண்டி வாங்கிக்கொண்டன, அதுவும் டீசல்தான். எல்லா வண்டிக்கும் புகைச் சோதனை கட்டாயம் என்று வந்ததும், சோதனை மையத்துக் குரங்கு ஒவ்வொரு வண்டியின் போட்டோவையும் முகர்ந்து பார்த்து, புகை வாடை இல்லை என்று சான்றிதழ் கொடுத்தது. ராஜாவின் பாதுகாப்பு வண்டிகளுக்கும் மந்திரிகளின் வண்டிகளுக்கும் மந்திரிகளுடைய மச்சான்களின் மணல் லாரிகளுக்கும் இது எதுவும் கிடையாது. அவை அவசரச் சேவை.

கடைசியாகக் காற்று மீட்டர் வந்தது. ஒரு கம்பம், அதன் தலையில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். அதை அரண்மனைப் பூங்காவில் நட்டார்கள். காற்று சுத்தமாக இருந்தால் தர்பாரில் உள்ள பலகையில் பச்சை எரியும், அழுக்காக இருந்தால் சிவப்பு எரியும். காட்டின் காற்று எப்படி இருக்கிறது என்று மகாராஜா இனி ஜன்னலைத் திறக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

முதல் நாளே சிவப்பு எரிந்தது. மகாராஜா மாசிலாமணியை ஒரு பார்வை பார்த்தார். மாசிலாமணி வெளியே வந்து யோசித்தார். காடு பெரியது. மீட்டர் சின்னது. இரண்டில் எதைச் சுத்தம் செய்வது சுலபம் என்று முடிவு செய்ய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

அன்றைக்குத்தான் பவளக்கொடியின் வேனைப் பழைய வண்டி என்று சொல்லிப் பிடித்து வைத்திருந்தார்கள். அவள் மாசிலாமணியின் அலுவலக வாசலில் நாள் முழுக்க நின்று கெஞ்சினாள்.

"வேன் இல்லேன்னா சோறு இல்லைங்க ஐயா. வீட்ல சுகமில்லாத குட்டி வேற."

மாசிலாமணி அவளை மேலும் கீழும் பார்த்தார். "உன் வேன்ல தண்ணி டேங்க் ஏத்த முடியுமா?"

"பூசணிக்காயே ஏத்தியிருக்கேன். தண்ணி என்னங்க."

"அப்ப காய்கறியை விட்டுடு. காய்கறி ஏத்தினா அது மாசு. தண்ணி ஏத்தினா மாசுக் கட்டுப்பாடு."

இப்படியாகப் பவளக்கொடி அரசு வேலைக்குப் போனாள். பூங்காச் சுவரோரம் வேனை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, அதன் விசையில் பம்ப் போட்டு, மீட்டரைச் சுற்றி நாள் முழுவதும் தண்ணீரைப் பூவாகத் தூவ வேண்டும். மீட்டர் பக்கம் வேறு எந்த வண்டியும் வரக் கூடாது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது, ஆனாலும் பலகையில் சிவப்பு மாறவில்லை. மாசிலாமணி வந்து பார்த்தார். வேனின் புகைக் குழாய் மீட்டரைப் பார்த்து இருந்தது. ஒரு நீளமான குழாயை வரவழைத்து, அதில் மாட்டி, மதில் சுவருக்கு மேலே ஏற்றி அந்தப் பக்கம் விடச் சொன்னார்.

"ஐயா, அந்தப் பக்கம் எங்க சந்துங்க," என்றாள் பவளக்கொடி.

"உங்க சந்துல மீட்டர் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப அங்க புகையும் இல்லை."

பவளக்கொடி குழாயைப் பார்த்தாள். வாய் வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. வேன் போய்விடுமே என்று அதை விழுங்கிவிட்டு இன்ஜினைப் போட்டாள். தர்பாரில் பச்சை எரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கொடியில் காய்ந்த துணியெல்லாம் கரி. இளவஞ்சியின் மூச்சு வாசல் வரை கேட்டது. பக்கத்து வீட்டுப் பன்றி செங்கமலம் தன் குட்டிகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"சுவருக்கு மேலேர்ந்து எவனோ புகை விடுறான் அக்கா. கையில கிடைச்சான்னா குதறிடுவேன்."

"ஆமா," என்றாள் பவளக்கொடி.

மறுநாள் மகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். பூங்காவில் மீட்டருக்குக் காவலாகக் கரடி சடையப்பன் நின்றிருந்தார். கிளுவைச் சந்துக்கு அடுத்த தெருவான ஒதியஞ்சந்துக்காரர்.

"மீட்டர் பக்கத்துல யாரும் வரக் கூடாதும்மா," என்றார்.

"அண்ணே, குட்டி எதையும் தொடாது. மூச்சு மட்டும்தான் விடும்."

சடையப்பன் உத்தரவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். "உள்ள இழுக்கறதுன்னா இழுத்துக்கட்டும். வெளிய விடறப்ப அந்தப் பக்கம் திரும்பி விடச் சொல்லு."

இளவஞ்சி மீட்டரின் அடியில் ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அப்படியே சாய்ந்து தூங்கிப் போனாள். விசில் சத்தம் இல்லை. பவளக்கொடி தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி மகளின் விலா எலும்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டில் நல்ல காற்று இருக்கிறது. இந்தக் கம்பத்தைச் சுற்றி, ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இருக்கிறது.

தினமும் கூட்டி வந்தாள். குட்டி தேறியது. ஒரு நாள் காலையில் இளவஞ்சி எழுந்து நின்று, வாயைத் திறந்து, ஒரு முழுக் கத்தல் கத்தினாள். அரண்மனைக் கண்ணாடிகள் அதிர்ந்தன. பவளக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தல் சுவர் தாண்டிக் கிளுவைச் சந்துக்கும் கேட்டது.

சற்று நேரத்தில் செங்கமலம் குட்டிகளோடு பூங்கா வாசலுக்கு வந்துவிட்டாள். வேனைப் பார்த்தாள். வேனிலிருந்து சுவர் ஏறிப் போகும் குழாயைப் பார்த்தாள். பிறகு பவளக்கொடியைப் பார்த்தாள். பவளக்கொடி தரையைப் பார்த்தாள். செங்கமலத்தின் பின்னால் ஒரு குட்டி இருமியது.

"என் பிள்ளைங்களுக்கும் அங்க இடம் இருக்குமா அக்கா?" என்று கேட்டாள் செங்கமலம்.

குதறியிருந்தால் தேவலை என்று இருந்தது பவளக்கொடிக்கு.

பன்றிக் குட்டிகள் வந்தன. மறுநாள் ஆட்டுக் குட்டிகள், முயல் குட்டிகள், முள்ளம்பன்றிக் குட்டிகள் என்று சந்தே வந்தது. வெளியே விடும் மூச்சை அந்தப் பக்கம் திரும்பி விட இடமில்லாமல் போயிற்று. புல் மிதிபட்டுப் புழுதி கிளம்பியது. பலகையில் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. மாசிலாமணி ஆட்களோடு ஓடி வந்தார்.

"காட்டுல காத்தைச் சுத்தமா வச்சிருக்கறதே பெரும்பாடு. அதுல நீங்க வந்து மூச்சு விட்டா எப்படி?" என்று சொல்லி எல்லாரையும் விரட்டினார். இளவஞ்சியையும் விரட்டினார்கள். இரண்டே நாளில் விசில் சத்தம் திரும்பி வந்துவிட்டது.

இனி யாரும் பக்கத்தில் வர முடியாதபடி மீட்டரை மொட்டைப் பாறை உச்சியில் நடுவது என்று மாசிலாமணி முடிவு செய்தார். அங்கே புல்லும் கிடையாது, இருமுவதற்கு ஆளும் கிடையாது. மகாராஜாவிடம் ஒப்புதலும் வாங்கினார். மீட்டரைப் பெயர்த்துப் பவளக்கொடியின் வேனில் ஏற்றி, காவலுக்குச் சடையப்பனையும் உட்கார வைத்தார். அந்த மலைப்பாதை காருக்கு ஆகாது என்று அவர் வரவில்லை.

வேன் கிளம்பியது. மொட்டைப் பாறைக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். பவளக்கொடி வலது பக்கம் திரும்பினாள். கிளுவைச் சந்தின் நடுவில், தன் வீட்டு வாசலில், வண்டியை நிறுத்தினாள்.

சடையப்பன் எட்டிப் பார்த்தார். "இது பாறை மாதிரி தெரியலையே."

"புகையில எனக்கு வழி புரியலைண்ணே. உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

சடையப்பன் வெளியே தலையை நீட்டினார். தன் மூக்கே அவருக்குத் தெரியவில்லை. எங்கிருந்தோ இளவஞ்சியின் விசில் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாறையாத்தான் இருக்கணும்," என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினார். இரண்டு பேருமாகக் குழி தோண்டிக் கம்பத்தை நட்டு மண்ணைத் தள்ளி மிதித்தார்கள்.

தர்பாரில் பலகை சிவப்பாக எரிந்தது. அதன் பிறகு, பலகையைச் செய்தவர்களே மறந்து போயிருந்த ஒரு கருஞ்சிவப்பு எரிந்தது. மகாராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்துவிட்டார்.

"மலை உச்சியிலேயே இப்படியா? நாளைக்குக் காலையில் புலி ராஜா மறுபடியும் வருகிறார். அவர் வரும்போது இதில் பச்சை எரிய வேண்டும். இல்லையென்றால் உம்மைக் குப்பைத் துறைக்கு அனுப்பிவிடுவேன்."

மாசிலாமணி மூச்சிரைக்க மொட்டைப் பாறை ஏறினார். அங்கே பாறைதான் இருந்தது. இறங்கி வந்து தெருத் தெருவாகத் தேடி, கிளுவைச் சந்தில் மீட்டரையும், அதைச் சுற்றிக் குட்டிகளோடு உட்கார்ந்திருந்த மொத்தச் சந்துக்காரர்களையும் கண்டுபிடித்தார்.

"தோண்டி எடு," என்றார்.

பவளக்கொடி கடப்பாரையை அவர் பக்கம் தள்ளினாள். "தோண்டுங்க ஐயா. எடுத்துட்டுப் போய்ப் பாறையில நடறதுக்குள்ள நாளைக்குப் பொழுது சாஞ்சிடும். அதுவரைக்கும் பலகையில ஒண்ணுமே எரியாது. புலி ராஜா வந்து இருட்டுப் பலகையைப் பார்த்துட்டுப் போவாரு. மகாராஜா ஏன்னு கேட்டா, மீட்டர் ஒரு சந்துல தொலைஞ்சு கிடந்துச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க."

மாசிலாமணி கடப்பாரையைப் பார்த்தார். சந்துக்காரர்களைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. செல்போனை எடுத்தார்.

அதற்கப்புறம் நடந்ததைக் கிளுவைச் சந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. சந்து வழியே போன லாரிகள் எல்லாம் ஒதியஞ்சந்துக்குத் திருப்பிவிடப்பட்டன. மதிலில் தொங்கிய குழாய் கழற்றப்பட்டது. மந்திரியின் மச்சானுடைய மணல் லாரி ஒன்று பழக்கத்தில் உள்ளே நுழைந்தபோது காவலர்கள் அதைத் தடுத்து, அதன் சாவியையே பிடுங்கினார்கள். எங்கிருந்தோ வளர்ந்த மரங்களை வேரோடு கொண்டுவந்து இரண்டு பக்கமும் நட்டார்கள். பவளக்கொடிக்குத் தண்ணீர் தூவும் வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் சந்துக்குள் டீசல் வண்டி கூடாது என்பதால், வேனை ஒதியஞ்சந்தில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு, அங்கிருந்து குழாய் இழுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இழுத்துக்கொண்டாள்.

பச்சை எரிந்தது. புலி ராஜா வந்தார். சிங்கம் இந்த முறை சரியான விலங்குக்கு மாலை போட்டார். மாசிலாமணிக்குக் 'காற்றுக் காவலர்' என்று பட்டம் கொடுத்தார்கள். மீட்டர் எங்கே இருக்கிறது என்று மகாராஜா கேட்கவில்லை, மாசிலாமணியும் சொல்லவில்லை. கிளுவைச் சந்தில் இளவஞ்சி காலையிலும் மாலையிலும் கத்தினாள். செங்கமலத்தின் குட்டிகள் வெயில் என்ற ஒன்றைப் பார்த்து முதலில் பயந்து, பிறகு அதில் புரண்டன.

ஒரு நாள் மாலை சடையப்பன் வந்தார். காவல் நேரம் இல்லை. சும்மா வந்தார்.

"டீ சாப்பிடுறீங்களாண்ணே?" என்றாள் பவளக்கொடி.

"வேணாம்மா." அவர் கம்பத்தின் மேல் கையை வைத்துச் சாய்ந்து நின்றார். கொஞ்சம் இருமினார். "வீட்ல சின்னவனுக்கு ரெண்டு நாளா மூச்சு சரியில்லை. லாரி எல்லாம் இப்ப எங்க பக்கம்தானே வருது."

"மாத்திரை வாங்கிக் குடுங்கண்ணே."

"குடுக்கறேன்." கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தார். "ஆழமாத்தான் நட்டோம், இல்ல?"

"ஆமாண்ணே."

"மண்ணு மட்டும்தானே போட்டோம்?"

"மண்ணு மட்டும்தான்."

சடையப்பன் தலையாட்டிவிட்டு ஒதியஞ்சந்தைப் பார்த்து நடந்தார். அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்த பவளக்கொடி, மகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, ஒரு மூட்டை சிமென்ட்டை இழுத்து வந்து கம்பத்தின் அடியில் குழைக்க ஆரம்பித்தாள்.

நீதி: நல்ல காற்று வேண்டுமென்றால் மரத்தை நடாதே, மீட்டரை நடு, நட்ட கையோடு சிமென்ட்டும் போட்டுவிடு, ஏனென்றால் உனக்கு உதவியவனுக்கும் பிள்ளைகள் இருக்கும்.