துண்டுக்கடியில் வாங்கிய பிக்கப் வேன்

பாலசமுத்திரம்,
14-6-1959, ஞாயிற்றுக்கிழமை.

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை திருவேங்கடம் அவர்கள் சமுகத்துக்கு, மைத்துனன் கோவர்த்தனன் அநேக நமஸ்காரத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்சவேணியும் இரண்டு எருமைகளும், மூன்று நாளாக ஒரு பிக்கப் வேனும் சௌக்கியம். பட்டணத்தில் நீங்களும் என் தங்கை தாட்சாயணியும் நோய்நொடி இல்லாமல் இருக்க நாராயணவனத்துப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. பட்டணத்துக் கம்பெனியில் விசாரித்ததாகவும், விலைப்பட்டியலில் பதினோராயிரத்து எண்ணூறு என்று அச்சடித்திருப்பதாகவும், அதுதான் நியாயமான விலை என்றும், பேரம் கீரம் பேசி மானத்தை வாங்காமல் அதைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தீர்கள். துறைமுகத்தில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிறவர், நாலு எழுத்து படித்தவர், உங்களுக்கு நான் சொல்லக்கூடாது. ஆனால் போன தீபாவளிக்கு நீங்கள் ரேடியோ வாங்கின அழகை தாட்சாயணி எனக்கு எழுதியிருந்தாள். கடைக்காரன் கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்து, ரசீதும் வாங்கி, போதாததற்கு அவனுக்குத் தேங்க்ஸ் வேறு சொன்னீர்களாம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் மரியாதை எனக்கும் மரியாதைதானே.

என் சங்கதி வேறு. நாலு வருஷத்துக்கு முன் புத்தூரில் ஒருவன் பழைய பம்புசெட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துப் புதுசு என்று என் தலையில் கட்டினது உங்களுக்குத் தெரியும். அது நான் ஊற்றின டீசலைக் குடித்ததே தவிர, கிணற்றுத் தண்ணீரைத் தொடவில்லை. அன்று முதல் ஊரில் எனக்குப் பம்புசெட்டு என்றே பெயர். கோவர்த்தனன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, பம்புசெட்டு வீடு என்றால் கைக்குழந்தை கூட வழிகாட்டும். அதற்கடுத்த வருஷம் வாங்கின காளை ஏரைக் கண்டாலே படுத்துக்கொண்டது. அம்சவேணி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எதை வாங்கி வந்தாலும், அரை வீசைக் கத்தரிக்காயாகவே இருந்தாலும், ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்து வைக்கிறாள். அந்தப் பார்வை இருக்கிறதே, அதைவிட அவள் நாலு திட்டு திட்டியிருக்கலாம். இந்த வண்டியிலும் ஏமாந்தால் ஊர் எக்கேடாவது கெடட்டும், என் வீட்டில் நான் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் துன்ன முடியாது. இதுதான் என் கவலையெல்லாம்.

மாங்காயோ நம் கவலைக்காகக் காத்திருக்காது. மாட்டு வண்டியில் திருப்பதி மார்க்கெட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் கால்வாசி நசுங்கிவிடுகிறது. ஏரிக்கரை நிலத்தில் அரை ஏக்கரை விற்று, கைமுதலையும் போட்டு, குறைந்த ஐந்நூறுக்கு அம்சவேணியின் நாலு வளையலைப் புத்தூர் சேட்டிடம் வைத்து, மொத்தம் பன்னிரண்டாயிரம் திரட்டினேன். வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பார்த்து வாங்குங்க என்றாள். அவ்வளவுதான்.

சித்திரையிலிருந்து திருப்பதிக்கு நாலு தடவை நடையாய் நடந்தேன். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோட்டார் கம்பெனி. மானேஜர் சக்ரபாணி ஐயங்கார், கோயில் கைங்கரியக் குடும்பம், நெற்றியில் பளிச்சென்று திருமண், பேச்சில் தேன். ஆனால் விலை என்று வந்தால் கருங்கல். அவரும் பதினோராயிரத்து எண்ணூறுதான் சொன்னார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பட்டணத்திலும் அதே விலை, திருப்பதியிலும் அதே விலை. நகரி சந்தையில் ஒரே மாட்டுக்கு அண்ணன் ஒரு விலை சொல்வான், தம்பி ஒரு விலை சொல்வான். எண்பது மைல் தள்ளி இருக்கிற இரண்டு பேர் ஒரே விலை சொன்னால் உள்ளுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்? நீங்களே யோசியுங்கள். நானும் விட்டேனா, எல்லை பிரிக்கப் போகிறார்கள், எங்கள் ஊர் மெட்ராஸ் பக்கம் போகுமோ ஆந்திராவிலேயே நிற்குமோ தெரியாது, ராஜ்யத்தை விட்டே போகப் போகிறவனுக்கு ஏதாவது விட்டுக்கொடுத்து அனுப்புவதுதான் முறை என்று எடுத்துச் சொன்னேன். அவர் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு, போன பிறகு வாரும், அப்போது மெட்ராஸ் விலையே சொல்கிறேன், அதுவும் பதினோராயிரத்து எண்ணூறுதான் என்றார்.

"அடியேனால் ஒத்தை ரூபாய் குறைக்க முடியாது ஸ்வாமி. அச்சடிச்ச விலை."

ஒரு ரூபாய்கூடக் குறையாத விலையை எப்படி ஐயா நம்புவது? குறைத்தால்தானே அடி எங்கே இருக்கிறது என்று தெரியும்? நாலு தடவையும் வெறுங்கையோடு திரும்பினேன். வைகாசி முடியப் போகிறது, தோப்பில் காய் கனிந்துகொண்டிருக்கிறது, எனக்குத் தூக்கம் இல்லை. கடைசியில் அம்சவேணிதான், நகரி சந்தை மாட்டுத் தரகர் பாலையாவைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்டாள். பெண்டாட்டி பேச்சு என்று தள்ளிவிடாமல் கேட்டுக்கொண்டேன். என் பெருந்தன்மை அது.

போன வியாழக்கிழமை பாலையாவும் நானும் போனோம். வாசலில் என்னை நிற்கவைத்துவிட்டு, முதலில் கட்சிக்காரரின் நாடியைப் பார்த்து வருகிறேன் என்று அவர் மட்டும் உள்ளே போய் வந்தார். பிறகு வண்டியைச் சோதித்தார் பாருங்கள், அடடா. முன்மூடியைத் தூக்கிப் பல்லைப் பார்க்கிற மாதிரி உள்ளே பார்த்தார். நாலு சக்கரத்தையும் தட்டினார். கதவின் பெயிண்டில் ஒரு சுழி தெரிந்ததை மோந்து பார்க்காத குறையாகப் பார்த்து, இது ஆகாத சுழி இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். நடையைப் பார்க்கணும் என்றார். டிரைவர் ஓட்டிக் காட்டினான். முன்னால் போனது சரி. பின்னால் வந்ததும்தான் பாலையாவுக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னா அய்யரே, பின்னால போவுதே. பின்னால போவுற மாட்ட எவன் ஓட்டிக்கினு போவான்?"

எனக்கும் திக்கென்றது. வண்டி என்றால் பின்னாலும் போகத்தான் வேண்டும் என்று ஐயங்கார் கால்மணி நேரம் விளக்கினார். பாலையா அரை மனசாக ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு விலை. அன்று ஐயங்கார் சொன்ன விலையைக் கேட்டு எனக்குக் கண் இருட்டிவிட்டது. பன்னிரண்டாயிரத்து முந்நூறு. எல்லை பிரிகிற சமயம், வரி மாறும், இன்று காலைதான் விலை ஏறியது என்று என் அஸ்திரத்தை என் மேலேயே திருப்பிவிட்டார். என் மடியில் இருப்பதோ பன்னிரண்டாயிரம். சித்திரையிலேயே வாங்கியிருந்தால் என்று மனசு அடித்துக்கொண்டது, புத்தூர் பம்புசெட்டுக்காரன் முகமெல்லாம் வந்து போனது. பாலையா அசையவில்லை. தோள் துண்டை எடுத்து உதறினார், ஐயங்காரின் வலது கையைப் பிடித்தார், துண்டால் மூடினார். சந்தை வழக்கம் உங்களுக்குத் தெரியாது. அங்கே விலையை வாயால் சொல்வதில்லை, துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள், இத்தனை விரல் என்றால் இத்தனை நூறு. பாலையா ஆயுசில் ஆயிரத்தைத் தாண்டிப் பேசினவர் இல்லை, பன்னிரண்டாயிரத்தை எந்த விரலில் வைத்தாரோ அந்தப் பெருமாளுக்கே வெளிச்சம். கம்பெனி வேலையாட்கள், ரோட்டில் போகிறவர்கள், மொட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்க்கிறார்கள். நடுவில் இரண்டு தடவை ஐயங்கார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார். கேட்டால் கூச்சம் என்றார். விலை இறங்குகிற வேதனையை அப்படி மறைக்கிறார் என்று எனக்கா தெரியாது. கால்மணி நேரம் கழித்துப் பாலையா வியர்த்து விறுவிறுத்துக் கையை எடுத்தார்.

"முடிஞ்சிச்சி. பதினொண்ணு எட்நூறு. இதுக்கு மேல இழுத்தா அய்யரு வெரலு என் கையோட வந்துடும்."

ஐந்நூறு ரூபாய், மாப்பிள்ளை! ஒரே கால்மணியில்! நீங்கள் உடனே, அதைத்தானே நான் முதலிலேயே எழுதினேன் என்பீர்கள். இல்லை. நீங்கள் எழுதினது அவன் கேட்ட பதினோராயிரத்து எண்ணூறு. நான் கொடுத்தது நாம் இறக்கின பதினோராயிரத்து எண்ணூறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரேடியோ வாங்குகிறவர்களுக்குப் புரியாது, பாதகமில்லை.

அதோடு விட்டாரா பாலையா? மாட்டை விற்கிறவன் கயிறு கொடுக்கமாட்டான் என்று புதுத் தாம்புக்கயிறு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார், அதை வண்டி முன்னால் கட்டி என் கையில் கொடுத்தார். வைக்கோல் போடாமல் மாட்டை ஓட்டி அனுப்பினால் விற்ற வீட்டுக்கு ஆகாது என்று சொல்லி, இதற்கு வைக்கோல் எது என்று டிரைவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு காலன் பெட்ரோலை ஐயங்கார் கைக்காசில் ஊற்ற வைத்தார். அப்போது மட்டும் ஐயங்காருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊருக்குள் வண்டி வந்ததும் கூட்டம் கூடிவிட்டது. பன்னிரண்டாயிரத்து முந்நூறு கேட்ட வண்டி, பதினோராயிரத்து எண்ணூறுக்கு முடித்தோம் என்று பாலையா இறங்கினதும் உரக்கச் சொன்னார். மூன்று நாளாக என்னைப் பம்புசெட்டு என்று ஒருத்தனும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு வேதாச்சலம், தன் பெண் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க என்னைக் கூட வரச் சொல்லியிருக்கிறார். விலை பேசத் தெரிந்த மனுஷன் வேண்டுமாம்! எல்லாவற்றுக்கும் மேலே, நேற்று நான் சந்தையிலிருந்து கொண்டுவந்த கத்தரிக்காயை அம்சவேணி திருப்பிப் பார்க்காமல் அப்படியே கூடையில் கொட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன். மிச்சம் பிடித்த அந்த ஐந்நூறில் அவள் வளையலை மீட்டுக் கையில் போடுவதாக எல்லார் எதிரிலும் வாக்குக் கொடுத்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, புத்தூர் போகிறேன்.

இனி நீங்கள் எது வாங்குவதாக இருந்தாலும், சீப்பாக இருந்தாலும் சரி, எனக்கு ஒரு கார்டு போடுங்கள். பாலையாவைக் கூட்டிக்கொண்டு பட்டணம் வந்து இறங்குகிறேன். தாட்சாயணிக்கு என் ஆசீர்வாதம். கொடுத்த பணத்துக்கு மேலேயே பெருமாள் உங்களுக்கு அளந்து போடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் க்ஷேமத்தையே கோரும்
மைத்துனன் கோவர்த்தனன்

பின்குறிப்பு: திருவேங்கடம் அண்ணனுக்கு அம்சவேணி எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைத் துடைக்கப் போயிருக்கிறார், காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. நீங்கள் எழுதின விலைதான் சரியான விலை அண்ணா, அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் யாராவது குறைத்தாலொழிய இவர் வாங்கமாட்டார், காயெல்லாம் மரத்திலேயே அழுகும். அதனால் நாராயணவனம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத் திருப்பதி போய் ஐயங்கார் காலில் விழாத குறையாகக் கேட்டேன். ஐந்நூறு ஏற்றிச் சொல்லிவிட்டு அதே ஐந்நூறை இறக்கிவிடுங்கள் என்றேன். ஆயுசில் பொய்விலை சொன்னதில்லை என்று அரை மணி தயங்கினார், அப்புறம் எல்லைக் காரணத்தை அவரே யோசித்துச் சேர்த்துக்கொண்டார். பாலையாவுக்கும் தெரியும். துண்டுக்கடியில் இரண்டு பேரும் சும்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐயங்காருக்குக் கூச்சம் மட்டும் நிஜம். இதெல்லாம் இவருக்குத் தெரிய வேண்டாம். நாலு வருஷம் கழித்து இப்போதுதான் தலையை நிமிர்த்தி நடக்கிறார், எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. ஒரே ஒரு சங்கடம். வெள்ளிக்கிழமை அந்த ஐந்நூறை எடுக்கப் பெட்டியைத் திறப்பார். பன்னிரண்டாயிரத்தில் மிஞ்சினதே இருநூறு, அதிலும் தரகு, டிரைவர், வரி எல்லாம் போகப் பெட்டியில் பதினெட்டு ரூபாய்தான் இருக்கிறது. நீங்கள் வியாழனுக்குள் வந்து சேரும்படி ஐந்நூறு மணியார்டர் என் பெயருக்கு அனுப்பினால், மாங்காய் விற்றதும் திருப்பிவிடுவேன். இவரும் ஏமாறாத மனுஷராகவே இருந்துவிடுவார்.