பதினொரு பன்றிகளும் என் தொண்டையும்

மரியாதை தெரிந்த பிள்ளை என்று பெயரெடுத்தவன் நினைத்தால் ஒரு பண்ணையையே காலி செய்துவிடலாம். நான் கிட்டத்தட்டச் செய்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா கருமத்தம்பட்டியில் தறி ஓட்டினார். நான் கால்நடை மருத்துவம் முடித்து, பன்றிகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் பாக்டீரியாக்களைப் பற்றி மேற்படிப்புக்கு ஆய்வு செய்யக் கோவையில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். அம்மாவுக்கு இதை அரை மணி நேரம் விளக்கினேன்.

"இத்தன வருசம் படிச்சது பன்னிக்கு மூக்குத் தொடைக்கறதுக்கா கண்ணு?" என்றாள்.

(அதைவிடத் தெளிவாக நான் என் ஆய்வறிக்கையில்கூட எழுதவில்லை.)

துடியலூருக்கு வடக்கே சுப்பண்ணன் என்பவர் வெள்ளைப் பன்றிகள் வளர்த்தார். தோட்டம் துரவு உள்ள வீட்டு ஆள் பன்றி வளர்ப்பதா என்று கூடப் பிறந்த அண்ணனே அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார். அந்த மார்கழியில் பன்றிகள் இருமத் தொடங்கின.

"தொத்து வியாதின்னா மறைக்காம சொல்லிப்போடுங்க தம்பி. எங்கண்ணன் வந்து சிரிக்கறதுக்குள்ள நானே பட்டியைக் காலி பண்ணிப்போடறேன்" என்றார். சொல்லும்போது ஒரு பன்றியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் மாதிரி எடுக்கப் போன காலையில் மலையே தெரியாத அளவுக்குப் பனி. பன்றிகள் விட்ட மூச்சு வெள்ளை வெள்ளையாக எழுந்து அந்தப் பனியோடு கலந்தது. மேகத்துக்குள் நின்று வேலை செய்வதுபோல் இருந்தது. எனக்குத் தொண்டை கரகரத்தது. அதையெல்லாம் அறிவியல் பொருட்படுத்தாது என்று நினைத்துக்கொண்டேன்.

பண்ணையாள் பன்றியின் மேல்தாடையில் கயிற்றைச் சுருக்கிப் பிடிப்பார். அது மேட்டுப்பாளையம் வரை கேட்கிற மாதிரி அலறும். நான் பஞ்சு சுற்றிய குச்சியை மூக்கினுள் விட்டுத் துடைத்து, குழாயில் போட்டு மூட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் குச்சி வெளியே வருகிற நேரம் பார்த்து சுப்பண்ணன் ஏதாவது கேட்பார்.

"ஏனுந் தம்பி, அப்பா என்ன பண்றாருங்க?"

பெரியவர் கேட்கிறார். வாயைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னால் நன்றாகவா இருக்கும்? மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினேன். "தறி ஓட்டறாருங்க!" என்று பன்றியின் அலறலுக்கு மேலே கத்தினேன். குச்சி என் வாய்க்கு முன்னால் மைக் மாதிரி நின்றது. பதில் முடிந்ததும் மாஸ்க்கை ஏற்றி, குச்சியைக் குழாயில் போட்டேன். இப்படிப் பன்னிரண்டு பன்றிகள்.

மறுநாள், சனிக்கிழமை காலை, இன்குபேட்டரைத் திறந்தேன். ஆட்டு ரத்தம் கலந்த கூழ் ஊற்றிய வட்டத் தட்டுகளில்தான் கிருமிகளை வளர்ப்போம். ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தேன். அந்திவானம்போல் சிவந்த கூழில் பனித்துளி மாதிரிப் பொடிப்பொடிப் புள்ளிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் நிலாவுக்குக் கோட்டை கட்டியதுபோல் வெளுத்த வளையம். கூடவே வேறு கிருமிகளும் இருந்தன. ஆனால் பதினொரு தட்டுகளில் அதே வளையம்! ஏழாவது பன்றியின் தட்டில் மட்டும் இல்லை.

அப்படியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உலகம் அறியாத கிருமி ஒன்றுக்கு நான் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். 'கருமத்தம்பட்டியென்சிஸ்'. வெளிநாட்டு மேடையில் வெள்ளைக்காரர்கள் அதைச் சொல்ல முடியாமல் திணறினார்கள். முன்வரிசையில் அப்பா வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

அந்த மிதப்பிலேயே பஸ் ஏறினேன். என் பேராசிரியை தட்டுகளைப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"பதினொண்ணுக்கு இருக்குதுங்கண்ணா" என்றேன்.

சுப்பண்ணன் பட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "திங்கக்கெழம லாரி வரச் சொல்றேனுங்க" என்றார். பிறகு உள்ளே போய் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

மாலையில் மேடம் தட்டுகளைப் பார்த்தார். அப்புறம் என் குறிப்பேட்டைப் பார்த்தார். நான் எதையும் விடாமல் எழுதுகிறவன். 'பன்றி 4: சுப்பண்ணன் மழையைப் பற்றிக் கேட்டார். பன்றி 5: எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். பன்றி 7: அண்ணன் டீ சொல்லப் போயிருந்தார்.'

"அவர் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னியா?"

"சொன்னேனுங்க மேடம்."

"மாஸ்க்கோடவா?"

நான் தாடையைத் தொட்டுக் காட்டினேன்.

"ஆமா, உன் குரல் ஏன் இப்படி இருக்கு?"

என் தொண்டையையும் துடைத்து ஒரு தட்டில் தடவினார். ஞாயிற்றுக்கிழமை காலை என் தட்டிலும் அதே நிலா, அதே கோட்டை. இரண்டிலிருந்தும் எடுத்த கிருமிமேல் ஒரு சின்ன மருந்து வில்லையை வைத்து இரவெல்லாம் வளர்த்ததில், திங்கட்கிழமை காலை இரண்டும் ஒரே வகை என்று தெரிந்தது. மனிதர் தொண்டையில் குடியிருக்கிற சாதாரணக் கிருமி. கருமத்தம்பட்டியென்சிஸ்தான், ஒரு வகையில்.

நான் போய்ச் சேர்ந்தபோது லாரியில் மூன்று பன்றிகள் ஏறியிருந்தன. கேட்டிலிருந்தே கத்தினேன். "எறக்குங்க! அதுகளுக்கு ஒண்ணுமில்லீங்க!"

சுப்பண்ணன் பிடித்த கயிற்றை விடாமல் திரும்பினார். "அப்ப யாருக்குத்தான் வியாதிங்க?"

"எனக்குங்க."

பன்றிகள்கூட வாயை மூடிக்கொண்டன. லாரி டிரைவர்தான் முதலில் பேசினார். "ஏனுங்க, அப்ப இவரை ஏத்திக்கறதுங்களா?"

சுப்பண்ணன் கயிற்றை விட்டுவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அது முழுக்கச் சிரிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது.

மறுபடியும் மாதிரி எடுத்தது மேடம். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பன்றிகளில் வழக்கமாக வருகிற, மருந்துக்கு அடங்குகிற கிருமிதான் நாலைந்தில் இருந்தது. குளிருக்குப் பயந்து பட்டியைச் சுற்றிச் சாக்குக் கட்டியிருந்தார்கள். உள்ளே தேங்கிய மூத்திர நெடி மூச்சுக்குழாயை அரித்து அதற்கு வழிவிட்டிருந்தது. ஊசி போட்டு, சாக்கை அவிழ்த்ததும் தை பிறப்பதற்குள் இருமல் நின்றது.

டிரைவர் சொன்னதை, பின்னால் எங்கள் வீட்டுக்கு வந்த சுப்பண்ணன் என் அப்பாவிடம் சொல்ல, அப்பா தறிக்கூடம் முழுக்கச் சொன்னார். இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இரண்டு தரம் சேர்ந்தாற்போல் இருமினால் போதும், என் மகள் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறாள்:

"அம்மா, லாரிக்குச் சொல்லிப்போடட்டுங்களா?"