அணைத்த பின் ஐந்து நிமிடம்

இனிமேல் தினமும் சாயங்காலம் ஆறரைக்கு எங்கள் ஷெட்டு ஹீட்டர் அணைந்தே தீரும். இது என் தீர்மானம். ஹீட்டரைக் கேட்டு எடுக்கவில்லை. எதற்கும் மனைவியைக் கேட்கிறவன்தான் நான். இந்த ஒரு விஷயத்தில் அவளையும் கேட்கவில்லை.

என் மனைவி சோபா தைக்கிறவள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் ஊரார் சோபாவுக்கெல்லாம் பஞ்சு மாற்றி, புதுத்துணி போர்த்தி அனுப்புவாள். ஊரில் உள்ள புருஷன் பெண்டாட்டியெல்லாம் அவள் கைபட்ட சோபாவில் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு சோபாவில் இடது பக்கம் நான், வலது பக்கம் டிவி ரிமோட். நூலகத்தில் நாள் முழுக்கப் புத்தகங்களுக்கு முத்திரை குத்திவிட்டு வந்தால், ஷெட்டு ஜன்னலில் அவள் நிழல்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகக் கூடவே இருப்பவளுக்காக ஒருத்தன் ஏங்கலாமா? ஏங்கினேன். வெட்கமே இல்லாமல் ஏங்கினேன்.

குளிர் தொடங்கியதும் ஷெட்டுக் கூரையில் கேஸ் ஹீட்டர் மாட்டினார்கள். ஒரு பெரிய பெட்டி, அதற்குள் விசிறி, அடியில் எந்நேரமும் எரியும் குட்டிச் சுடர். அந்தச் சுடருக்குப் பைலட் என்று பெயராம்.

"பைலட்டா? அப்ப ஷெட்டு பறக்குமா?"

"நீங்க கை வைக்காம இருந்தா பறக்காது."

ஹீட்டரோடு வந்த புத்தகத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். நான் எழுதிய காதல் கடிதங்களை ஒரு தடவைதான் படித்திருக்கிறாள். பசை, தின்னர் டப்பாக்கள் வெளி அலமாரிக்குப் போயின. பஞ்சு மூட்டை எதிர்ச் சுவருக்கு நகர்ந்தது. கதவில் அவள் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: 'சுடர் அணைந்தால் வால்வை மூடவும். அணைந்த பின் வெளியே ஐந்து நிமிடம் நிற்கவும். பற்றவைக்குமுன் தரையோரமும் மோந்து பார்க்கவும். வாடை அடித்தால் சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியேறி, தள்ளி நின்று போன் செய்யவும்.'

அணைத்தால் ஐந்து நிமிஷம் சும்மா நிற்க வேண்டுமாம். கல்யாணமான புதிதில் இப்படி ஓர் அட்டையை யாரும் மாட்டவில்லை!

ஒரு வாரம் போயிற்று. ஒரு சாயங்காலம் குரல் வந்தது.

"ஏங்க! பைலட் அணைஞ்சிருச்சு, வாங்க!"

ஓடினேன். வால்வை மூடிவிட்டு வெளியே நின்றோம். இரண்டு பேருக்கும் ஒரே சால்வை. யாரோ ஒருவர் பக்க அடையாளத்துக்குச் சாக்ஸ் வைத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து என் தோளில் சாய்ந்தாள். அவள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு," என்று உள்ளே போய்விட்டாள். நான் சால்வையோடு அங்கேயே நின்றேன்.

அன்றைக்கு எடுத்ததுதான் அந்தத் தீர்மானம்.

வழி சுலபம். ஆறரைக்கு அவள் கை கழுவ வீட்டுக்குள் போவாள். நான் நைசாக நுழைந்து வால்வை மூடுவேன். சுடர் செத்துப்போகும். அவள் வந்து "ஐயோ" என்றதும், ஏற்கெனவே மூடிய வால்வை அப்போதுதான் மூடுவதுபோல் முக்கி முனகுவேன். அப்புறம் ஐந்து நிமிஷம். ஒரே சால்வை. நான்கு நாள் ராஜாவாக இருந்தேன்.

ஐந்தாம் நாள் அவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டாள்.

அவர் ஏணியில் ஏறிக் குழாயைத் தட்டினார், சுடரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏன் அணையுதுன்னே தெரியலைம்மா. பேசாம பைலட்டை எடுத்துட்டு, தானா பத்திக்கிற மாதிரி மாத்திடலாம். அணையறதும் இல்லை, இப்படி தினம் வெளியே போய் நிக்கிறதும் இல்லை."

"நிக்கிறது இல்லையா!" நான் போட்ட சத்தத்தில் அவர் ஏணியைக் கட்டிக்கொண்டார்.

"ஏன் சார், நல்லதுதானே?"

"யாருக்குய்யா நல்லது? அந்த அஞ்சு நிமிஷத்தை நம்பித்தான் நான் உசிரோட இருக்கேன்! நான்தான் அணைச்சேன். நாலு நாளும் நான்தான் அணைச்சேன்!"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். இறங்கி ஏணியை மடக்கினார்.

"இது கேஸ் கோளாறு இல்லைம்மா. நம்ம வேலை இல்லை," என்று போய்விட்டார்.

"தெரியும்," என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"வால்வு கைப்பிடியைப் பாருங்க."

பார்த்தேன். மஞ்சள் கைப்பிடியில் ஊதா நிறத்தில் என் கட்டைவிரல். நூலக முத்திரை மை. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு நாளும் தேதி போடாமல் குத்தியிருக்கிறேன்.

"அப்ப முதல் நாளே தெரியுமா? தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?"

"அஞ்சு நிமிஷம் கிடைக்குதேன்னுதான். இன்னைக்கு எதுக்கு மெக்கானிக்? நீங்களா வாயைத் திறந்து சொல்வீங்களான்னு பார்த்தேன்." பெட்டியிலிருந்து ஆணி பிடுங்கும் கருவியை எடுத்து என் கையில் வைத்தாள். "ரெண்டு வருஷமா கூப்பிடுறேன், ஷெட்டுல வந்து பக்கத்துல உட்காருங்கன்னு. பஞ்சு பட்டா தும்மல் வரும்னு சொன்னது யாரு?"

நான்தான். சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

"உட்காருங்க. அந்தப் பழைய சோபாவுல முந்நூறு ஆணி இருக்கு. பேசிக்கிட்டே பிடுங்குங்க. இனிமே வால்வுல விளையாடினா மனுஷியா இருக்க மாட்டேன்."

உட்கார்ந்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அவள் பக்கத்தில் இருந்தாள். பதினெட்டாவது ஆணியில்தான் எனக்குப் பொறி தட்டியது.

"நான் நாலு நாள்தானே அணைச்சேன். அதுக்கு முன்னாடி, அந்த முதல் தடவை... காத்துல அணைஞ்சுதா?"

அவள் வாயில் ஊசி. காது மட்டும் சிவந்தது.

இருபத்திரண்டு வருஷமாக எல்லாவற்றிலும் முந்துகிறவள், அணைப்பதிலும் முந்திவிட்டாள்.