மூன்று ஏக்கருக்கு ஓர் ஆங்கிலக் கடிதம்

உலக நீர்ப்பாசன வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: எங்கள் சங்கம் ஆங்கிலம் படிப்பதற்கு முந்திய காலம், படித்ததற்குப் பிந்திய காலம். முந்திய காலத்தில் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு எந்த அனுமதியுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிந்திய காலத்தில் அதற்கு ஓர் ஒழுங்கு வந்தது. ஓடுவதை நிறுத்திவிட்டது.

சவளக்கடைப் பக்கம் வயல் வைத்திருக்கும் கல்முனைக்காரர் எழுபது பேரின் விவசாயிகள் சங்கத்துக்கு நான் செயலாளர். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும் என்பதற்காகச் சொல்கிறேன். தலைவர் அச்சிமுகம்மது ஹாஜியாருக்குச் சம்மாந்துறையில் அரிசி ஆலை இருக்கிறது. தமிழில் எழுதிய கடிதத்தை அரசாங்கக் கந்தோரில் வடை சுற்றப் பயன்படுத்துவார்கள், ஆங்கிலக் கடிதத்தை எழுந்து நின்று வாசிப்பார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே, கட்டாரில் ஹோட்டல் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து திரும்பிய றஸாக் சேரை அழைத்து, ஞாயிறு தோறும் சங்கத்துக்கு ஆங்கில வகுப்பு வைத்தோம்.

றஸாக் சேர் முதல் நாளே எங்கள் கண்ணைத் திறந்தார். ஆங்கிலத்தில் வினைச்சொல் தனியாக வெளியே போகாதாம். 'அப்', 'டவுன்', 'இன்', 'அவுட்' என்று ஒரு துணையைக் கூட்டிக்கொண்டுதான் போகுமாம். துணை மாறினால் குணமும் மாறிவிடும். 'லுக்' என்றால் பார்ப்பது. 'லுக் ஆஃப்டர்' என்றால் பராமரிப்பது. 'லுக் டவுன்' என்றால் இளக்காரமாகப் பார்ப்பது. 'லுக் இன்டு' என்றால் ஆராய்வது. இந்தக் கடைசியை எல்லோரும் கேள்விப்பட்டிருந்தோம். எந்தக் கந்தோரில் எதைக் கேட்டாலும் அதைச் செய்வதாகத்தான் சொல்வார்கள்.

இந்த அறிவு எங்களை அடியோடு மாற்றியது. மீனை வெட்டச் சொல்ல 'கட் அப்' சரியா, 'கட் டவுன்' சரியா என்று தெரியாமல் ஹாஜியார் ஒரு வாரம் மீனே வாங்கவில்லை. அவர் மனைவி சபூறா முருங்கைக்காய் ஆக்கிச் சமாளித்தார். நானும் எங்கள் வீட்டில் ஒரு துணைச்சொல்லைப் பிரயோகித்துப் பார்த்தேன். அன்று பகல் கடையில் சாப்பிட்டேன்.

அப்படியான ஒரு ஞாயிறன்றுதான் நஸீறா வந்தார். வாய்க்காலின் கடைசியில் அவருக்கு மூன்று ஏக்கர். சீதனமாக வந்த வயல். கணவர் கட்டாரில் என்பதால் வெள்ளாண்மையை அவரே பார்த்துக்கொள்கிறார். விதைப்புக்குப் பிறகு பெய்த மழை அதுவரை போதுமாக இருந்தது. இப்போது மழை இல்லை. கிளை வாய்க்கால் கதவு பூட்டியபடி கிடக்கிறது.

"காக்கா, பயிர் குடலையில நிக்கி, கதிர் வெளிய வரப் போகுது," என்றார் என்னிடம், அண்ணனிடம் சொல்வதுபோல. "பத்து நாளைக்குள்ள தண்ணி வராட்டி நெல்லெல்லாம் உள்ள அரிசி இல்லாம சப்பியாப் போயிரும். வருசம் முழுக்க எங்கட சோறு அதுதான்."

சங்கம் உருகிவிட்டது. கதவைத் திறக்கச் சொல்லி நீர்ப்பாசனக் கந்தோருக்கு ஆங்கிலத்தில் கடிதம் அனுப்புவதென்று அங்கேயே ஏகமனதாகத் தீர்மானித்தோம். நான் தாளை எடுத்து 'ஓபன்' என்று எழுதினேன். றஸாக் சேர் என் கையைப் பிடித்தார்.

"வெறும் 'ஓபன்' எண்டு போட்டா மரியாதை இல்ல, செக்கட்டரி. 'ஓபன் அப்' எண்டு போடுங்க."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் கூட்டம் அஸர் தொழுகைக்கு முன் முடியாது.

"தண்ணி மேல இரிந்து கீழ வருது. அதுல 'அப்' எப்பிடி வரும், சேர்? 'ஓபன் டவுன்' எண்டு போடுங்க."

"தண்ணி கீழதான் வருது. கதவு மேல போகுதே, ஹாஜியார்."

சங்கம் அந்த இடத்திலேயே இரண்டாகப் பிளந்தது. கதவுக் கட்சி, தண்ணீர்க் கட்சி. ஒரே வாப்பாவின் பிள்ளைகள் எதிரெதிர்க் கதிரைகளில் போய் உட்கார்ந்தார்கள். இரு கட்சிக்கும் நல்லவனாக, 'ஓபன் அப் அண்ட் டவுன்' என்று நான் முன்மொழிந்தேன். இரு கட்சியும் அன்றுதான் முதல் தடவையாக ஒன்றுபட்டு என்னைத் திட்டின.

கதவை நேரில் பார்த்து அறிக்கை தர ஐந்து பேர் கொண்ட உபகுழு அமைக்கப்பட்டது. அதுவரை எந்த உறுப்பினரும் தனியாகப் போய் எவரிடமும் தண்ணீர் கேட்கக் கூடாது, சங்கத்தின் கௌரவம் கெட்டுவிடும் என்று நஸீறாவுக்கு எழுத்தில் அறிவித்தோம். கையெழுத்து என்னுடையது.

புதன்கிழமை உபகுழு உழவு இயந்திரத்தில் புறப்பட்டது. கதவுக்கு முன்னால் நின்று ஆறு படம் எடுத்தோம். வாய்க்காலைப் பார்க்கும் வட்டவிதானை சீனித்தம்பி சைக்கிளை நிறுத்தி, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் விளக்கவில்லை. திரும்பும் வழியில் எருமைத் தயிர் வாங்கினோம். ஞாயிறன்று அறிக்கை வாசிக்கப்பட்டது: 'கதவு பூட்டியிருந்த காரணத்தால் அது எப்பக்கம் போகும் என்று தீர்மானிக்க முடியவில்லை.' இவ்வளவு நேர்மையான அறிக்கையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பதினோராம் நாள் அவசரக் கூட்டம். கடிதம் அதற்குள் ஒன்பது பிரதிகளாக வளர்ந்திருந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காதிருக்க, வழக்கம்போல அவற்றின் மேல் எங்கள் 'நினைவுச் சின்னத்தை' வைத்திருந்தேன். போகத் தொடக்கத்து ஆரம்பக் கூட்டத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் பொன்னாடையோடு என் கையில் தந்த கனத்த இரும்புப் பொருள் அது. தரும்போது அவர் நெடுநேரம் ஏதோ விளக்கினார். தமிழில் விளக்கியதால் யாரும் குறிப்பெடுக்கவில்லை.

தண்ணீர்க் கட்சி எழுந்து பேசிக்கொண்டிருந்தபோது நஸீறா உள்ளே வந்தார். கால் முழங்கால் வரை புழுதி. வயலிலே நடந்தால் சேறு படிய வேண்டிய காலம் அது. நேரே என் மேசைக்கு வந்து அந்த இரும்பில் கை வைத்தார்.

"தங்கச்சி, அத எடுக்காதீங்க," என்றேன். "கடிதம் பறந்திரும்."

"சங்கத்துட கௌரவத்தப் பாக்காம சீனித்தம்பி அண்ணனுக்கிட்ட போனன், காக்கா. இதுதான் கதவுப் பூட்டத் திறக்கிற திறப்பாம், இந்தப் போகத்துல இரிந்து சங்கத்துக்கிட்டயாம். உங்கட கையில பொன்னாடையோட குடுத்தாங்களாம். தானும் கை தட்டினதாச் சொன்னாரு."

இரு கட்சியும் ஒரே நேரத்தில் அந்த இரும்பை எட்டிப் பார்த்தன. றஸாக் சேர் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, துணைச்சொல் அகப்படாமல் மூடிக்கொண்டார். நஸீறா திறப்பை எடுத்துக்கொண்டு போனார். ஒன்பது பிரதிகளும் பறந்தன. நாங்கள் பொறுக்கி முடிப்பதற்குள் சவளக்கடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கதவு மேலே போயிற்று, தண்ணீர் கீழே வந்தது. இரு கட்சியும் வென்றதாகக் கூட்டக் குறிப்பில் பதிந்தேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதைப் பதியவில்லை.

நஸீறாவின் மேல் இரண்டு ஏக்கரும் தப்பின. கடைசி ஏக்கருக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தபோது அதற்குத் தேவையிருக்கவில்லை.

கதிர் வெட்டு முடிந்த பிறகு நஸீறா ஒரு பையோடு வந்தார். திறப்பைத் தருவார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். திறப்பு சீனித்தம்பியிடம் இருக்கும், தண்ணீர் வேண்டியவர்கள் அவரிடம் தமிழில் கேட்கலாம் என்றார். பையை மேசையில் வைத்தார்.

"கடைசி ஏக்கர்ல விளைஞ்சது, காக்கா. உங்கட கடிதம் பறக்காம மேல வைங்க."

அவிழ்த்துப் பார்த்தேன். எல்லாம் சப்பி.

கடிதத்துக்கான துணைச்சொல் இன்னும் முடிவாகவில்லை. ஞாயிறு தோறும் கூடுகிறோம். நஸீறா சொன்னபடியே பிரதிகளின் மேல் அந்தப் பையை வைக்கிறேன். மின்விசிறியைப் போட்டதும் எல்லாம் பறந்துவிடுகின்றன. ஒரு பெண்ணின் ஒரு ஏக்கர் விளைச்சல், எங்கள் சங்கத்தில் ஒரு தாளை அமர்த்தி வைக்கும் பாரம்கூட இல்லை.