ரித்தீஷ் கல்யாணம், இரண்டாம் பாகம்

ஷோகேஸில் சிவப்பு வெல்வெட் டப்பா இருந்த இடத்தில் ஒரு பீங்கான் வாத்து உட்கார்ந்திருந்தது. லிங்கசாமி வாத்தைத் தூக்கிப் பார்த்தார். அடியில் தூசிதான் இருந்தது.

"ஏனுங்க, சோத்துக்கு வந்துட்டு வாத்துக்கூட என்ன பண்ணிட்டிருக்கறீங்க?" என்றாள் அவர் மனைவி செல்லாத்தாள், சமையலறையிலிருந்து.

"இங்க ரித்தீஷ் கல்யாண டிவிடி டப்பா இருந்துச்சே, எங்க?"

"பொங்கலூருக்குக் குடுத்து உட்டுட்டனுங்க."

லிங்கசாமி வாத்தைக் கையில் பிடித்தபடியே சோபாவில் உட்கார்ந்தார். 

"பொங்கலூருக்கு எதுக்கு?"

"நம்ம தரணிய அவங்க இன்னும் பாக்கலீல்ல. ரித்தீஷுக்குத் தங்கச்சி மொறையில பக்கத்துல நின்னு இணைச்சீர்ச் சடங்கு செஞ்சது அவதானே. கல்யாணக் கூரைச்சீலை கட்டி அரைமணி நேரம் நிக்கறா. டிவியில பாக்கட்டும், புடிச்சா நேர்ல வரட்டும்னு தரகர் கந்தவேல் வாங்கிட்டுப் போயிட்டாரு. இன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டு ஊடே கூடி உக்காந்து பாக்கறாங்களாமா."

அந்த வருஷங்களில் அது ஒரு நடைமுறை. போட்டோவில் எதையும் வெளுப்பாக்கிவிடலாம், நடையையும் சிரிப்பையும் அப்படிச் செய்ய முடியாது என்று, சொந்தக்காரர் கல்யாணத்து டிவிடியை மாப்பிள்ளை வீட்டுக்கு முன்கூட்டி அனுப்புவார்கள். மகள் தரணிக்கு இதற்கு முன் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. பொங்கலூர் குமாரசாமி மகன் ஜாதகம்தான் முதன்முதலாகப் பொருந்தியது. பையன் போட்டோவைப் பார்த்துவிட்டுத் தரணி எதுவும் சொல்லாமல் போட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் அதுவே முதல் தடவை.

எல்லாம் சரிதான். டப்பாவுக்குள் என்ன இருந்தது என்பதுதான் சங்கதி.

கல்யாண டிவிடி என்றால் இரண்டு டிஸ்க். முதலாவதில் தாலி கட்டுவார்கள். இரண்டாவதில் பந்தி, போட்டோவுக்கு நிற்கும் வரிசை, தூங்கிப்போன பெரியவர்கள். கல்யாணம் பண்ணிக்கொண்டவர்களே இரண்டாவதைப் போட்டுப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. உலகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று கண்டுபிடித்து, ரித்தீஷின் இரண்டாவது டிஸ்கைக் கம்பெனி மேசை டிராயருக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் 'ஏழாவது மாடி ஈரத்துண்டு' என்ற படத்தை வைத்திருந்தார் லிங்கசாமி. சந்தேகம் வராமலிருக்க அதன் மேல் மார்க்கர் பேனாவால் 'இரண்டாம் பாகம்' என்று அழகாக எழுதியும் வைத்திருந்தார்.

தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டுப் படம் அது. அதில் ஒரு வக்கீலம்மா ஏழாவது மாடியில் குடியிருக்கிறாள். எந்தக் கேஸ் வந்தாலும் முதலில் குளித்துவிடுவாள். அவளைக் காதலிக்கிறவர்கள் எல்லாம் விடிவதற்குள் செத்துப்போவார்கள். விசாரிக்க வருகிற போலீஸ் அதிகாரி, விசாரணை சூடு பிடித்ததும் சட்டையைக் கழற்றுவார். மழை கட்டடத்துக்கு உள்ளேயே பெய்யும்.

லிங்கசாமி அதை ஒன்பது தடவை பார்த்திருந்தார். வீரபாண்டியில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறவர். ஒவ்வொரு கொலைக்கும் பிறகு வக்கீலம்மா போட்டுக்கொள்கிற அந்த வெள்ளைப் பனியன் எந்த ஊசியில் பின்னிய துணி என்று ஆராய்வதற்காகவே பார்ப்பதாகத் தன்னிடமே சொல்லி வைத்திருந்தார். ஒன்பது தடவையிலும் முடிவுக்கு வர முடியவில்லை. செல்லாத்தாள் அன்று மத்தியானம் கோயிலுக்குப் போவதாக இருந்ததால், பத்தாவது ஆராய்ச்சிக்காகத்தான் சீக்கிரமாகச் சாப்பிட வந்திருந்தார்.

இதே லிங்கசாமிதான் கோயில் கமிட்டித் தலைவர். பள்ளிக்கூடத்துச் சுவரில் ஆபாசப் போஸ்டர் ஒட்டியபோது பசை வாளியோடு நேரில் போய் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தவர். மறைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்தார் என்று கூடப் போனவர்கள் சொல்வார்கள். அது வேறு விஷயம்.

வாத்தை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பொங்கலூருக்குப் போன் போட்டார்.

"வீரபாண்டி லிங்கசாமி பேசறனுங்க."

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் குமாரசாமி. "டிவிடி வந்துருச்சுங்க. எலை போட்டாச்சு, சாப்பிட்டுட்டு உக்கார வேண்டியதுதான்."

"அதுல ரெண்டாவது டிஸ்க்கு கீறல் உழுந்துதுங்க. போட்டா உங்க பிளேயரு கெட்டுப்போயிரும்."

"நம்ம பிளேயரு தெம்பானதுங்க. போன மாசம் எங்கக்கா பேரன் தோசைக்கரண்டிய உள்ள உட்டுட்டான். அதையே மறுபடி வெளிய துப்பிருச்சு."

லிங்கசாமிக்கு வியர்த்தது. "இல்லீங்க, அதுல தரணி வரவே மாட்டாளுங்க. வெறும் பந்திதான்."

அந்தப் பக்கம் குமாரசாமியின் குரல் நிமிர்ந்தது.

"பந்திங்களா? அப்ப அதைத்தானுங்க மொதல்ல பாக்கோணும். புள்ளைய போட்டோவுலயே பாத்தாச்சு. எலையில என்ன வெக்கறாங்க, எப்படி வெக்கறாங்கன்னு பாத்தாத்தான் குடும்பம் எப்படின்னு தெரியும்னு எங்கம்மா சொல்லுமுங்க." குமாரசாமி போனிலிருந்து திரும்பி யாரிடமோ சொல்வது கேட்டது. "அம்மா, ரெண்டாவதுல பந்தி இருக்குதாமா. அதைய மொதல்ல போட்றலாம்."

போன் வைக்கப்பட்டது.

லிங்கசாமி கம்பெனிக்குப் போன் போட்டு, டிராயரில் கிடக்கும் டிஸ்கை எடுத்துக்கொண்டு வேனோடு வரும்படி கட்டிங் மாஸ்டர் குருசாமியிடம் சொன்னார். குருசாமி சாத்தூர்ப் பக்கத்துக்காரர். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார்.

"என்ன மொதலாளி, மூஞ்சி ப்ளீச் போட்ட துணி கணக்கா இருக்கு?"

"பொங்கலூருக்கு உடு. ஒரு டிஸ்க்கு மாறிப் போயிருச்சு. அதை அங்க யாரும் பாக்கக் கூடாது."

"என்ன டிஸ்க்கு?"

"கேக்காத."

"கேக்கல." வேன் இரண்டு தெரு தாண்டியது. "குளிக்கிற படமா?"

"குருசாமி."

"சரி, விடுங்க. கரண்ட்ட நிப்பாட்டிட்டா டிவி எப்படி ஓடும்? எம் மச்சினன் அந்தப் பக்கத்துல லைன்மேன்தான். ஒரு மணி நேரம் புடுங்கிப் போடச் சொல்லவா?"

லிங்கசாமி தன் வாழ்நாளில் ஒரு தொழிலாளியைக் கட்டிப்பிடிக்க நினைத்தது அந்த ஒரு தடவைதான். குருசாமி ஓட்டிக்கொண்டிருந்ததால் முடியவில்லை.

வீரபாண்டி தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் மச்சினன் போன் செய்துவிட்டார். வேலை முடிந்தது, அந்த ஊரில் ஒரு பல்பு எரியவில்லை. லிங்கசாமி நெஞ்சைத் தடவிக்கொண்டார். பல்லடம் நெருங்கியதும், எதற்கும் உறுதி செய்துகொள்ளலாம் என்று மறுபடி குமாரசாமியைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, அங்க கரண்ட்டு போயிருச்சுங்களா?"

"ஆமாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வந்து... ரோட்டுல பேசிக்கிட்டாங்க."

"ஒண்ணும் கவலப்படாதீங்க. கோழிப்பண்ணை ஜெனரேட்டர்ல இருந்து ஒயரு இழுத்தாச்சு. ஊரு பூரா டிவி நின்னு போச்சா, மத்தியான சீரியல் பாக்கற பொம்பளைங்க எல்லாரும் நம்ம ஊட்டுக்குத்தான் வந்திருக்கறாங்க. உள்ள எடம் பத்தலைன்னு டிவியத் தூக்கி வாசல்லயே வெச்சாச்சு. ஒரு நாப்பது பேரு இருப்பாங்க."

லிங்கசாமி போனைப் பார்த்தார். பிறகு குருசாமியைப் பார்த்தார்.

"உம் மச்சினன்கிட்டச் சொல்லிக் கரண்ட்ட உடச் சொல்லு."

குருசாமி பேசிவிட்டுச் சொன்னார். "எறங்கிச் சாப்பிடப் போயிட்டானாம் மொதலாளி. சாப்பாட்டுல எந்திரிக்க மாட்டான். அவுக பரம்பரையே அப்படித்தான்."

தென்னந்தோப்புக்கு நடுவில் குமாரசாமி வீட்டு வாசலில் வேன் நின்றபோது ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டது. நாற்பது தலைகள் டிவியைப் பார்த்தபடி அசையாமல் இருந்தன. டிவி இருண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் குமாரசாமி பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, வெடித்த குண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவரைப் போல நின்றார்.

அவர் அதைப் பிடுங்கியது சற்று முன்புதான். அதற்கு முன் முழுசாக இருபது நிமிஷம் படம் ஓடியிருக்கிறது. ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை. இதோ பந்தி வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். பந்திக்குப் பதில் மூன்று பேர் செத்தார்கள். வக்கீலம்மா நான்கு தடவை குளித்தாள்.

முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த குமாரசாமியின் தாயார் பெரியாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தது.

"ஏஞ்சாமி, அந்தப் புள்ள பொழுதுக்கும் ஈரத்தோடவே நிக்குதே, சளி புடிச்சுக்காதா?"

லிங்கசாமி கையில் ரித்தீஷின் அசல் டிஸ்க் இருந்தது. அதை இப்போது யாரிடம் கொடுப்பது, எந்த முகத்தோடு கொடுப்பது என்று தெரியவில்லை. தரணி போட்டோவை எடுத்துக்கொண்டு உள்ளே போனது ஞாபகம் வந்தது. அவளிடம் என்ன சொல்வது? ஜாதகம் பொருந்தியது, அப்பன்தான் பொருந்தவில்லை என்றா?

குமாரசாமி அவரைப் பார்த்துவிட்டார். பிளக்கைக் கீழே போட்டுவிட்டு வேகமாக வந்து கையைப் பிடித்தார்.

"இப்படிக் கொஞ்சம் வாங்க."

கோழிப்பண்ணைக்குப் பின்னால் கூட்டிப்போனார். பத்தாயிரம் கோழிகள் எதிர்க்கட்சி மாநாடு மாதிரி கத்திக்கொண்டிருந்தன. அடிக்கிறதானால் இங்கே அடிப்பதுதான் வசதி, வெளியே கேட்காது என்று லிங்கசாமி நினைத்துக்கொண்டார். வேட்டியைச் சரி செய்து, காலில் விழத் தோதாக நின்று, வாயைத் திறந்தார்.

"என்னைய மன்னிச்சுப் போடோணும்" என்றார் குமாரசாமி.

லிங்கசாமியின் வாய் திறந்தபடியே நின்றது. அவர் சொல்ல வைத்திருந்ததை இன்னொருவர் சொல்லிவிட்டார்.

"எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்க" என்றார் குமாரசாமி. கண் கலங்கியிருந்தது. "எங்கக்கா மக கல்யாண டிவிடி ஒண்ணு எங்க ஊட்டுலயும் இருக்குதுங்க. உங்களுது மாதிரியே செவப்பு வெல்வெட் டப்பா. ரெண்டாவது டிஸ்க்க ஆரு போட்டுப் பாக்கப் போறாங்கன்னு நானு... அந்த மாதிரிப் படம்... அதுக்குள்ளாற வெச்சிருந்தனுங்க. பொம்பளைங்க ரெண்டு டப்பாவையும் தொறந்து தொடைக்கறப்ப மாறிப் போச்சாட்ட இருக்குது."

லிங்கசாமி மெதுவாக வாயை மூடினார்.

"என்ன படமுங்க அது?" என்றார், குரலில் எதுவும் காட்டாமல்.

"அதுதானுங்க தெரியலை. மொத்தம் ஆறு வெச்சிருக்கறேன். எல்லாத்துலயும் ஒருத்தி குளிச்சுக்கிட்டுத்தான் இருக்கறா. அதுல எது இதுன்னு அந்த அதிர்ச்சியில வெளங்கலீங்க."

கோழிகள் கத்தின. லிங்கசாமி வானத்தைப் பார்த்தார். கடவுள் தன்னை இந்த அளவுக்குக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்கே அதிர்ச்சியாக இருந்தது. இரண்டு நிமிஷம் எதுவும் பேசவில்லை. கமிட்டித் தலைவர் என்ற முறையில் அந்த மௌனம் அவருக்கு நன்றாக வரும்.

"வயசு வந்த பையனை ஊட்டுல வெச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தார்.

"ஐயோ, போதுமுங்க. நீங்க போஸ்டர் மேல வெள்ளத்தாளு ஒட்டுனவருன்னு கந்தவேலு சொன்னாரு. உங்க மூஞ்சியப் பாக்கவே கூசுது."

"கண்ணுல பாக்கறது மனசுல தங்கிரும், குமாரசாமி."

"தங்கிருச்சுங்க."

"இனி அதைய உட்டுறோணும்."

"உட்டர்றனுங்க. கூட்டத்துக்கு, ஸ்டுடியோக்காரன் மாத்தி வெச்சுட்டான்னு சொல்லிட்டேன். என்ற ஊட்டுக்காரிக்கு மட்டும் தெரியக் கூடாதுங்க. கண்ணம்மாளுக்குத் தெரிஞ்சா என்னையக் கோழியோட அடைச்சுருவா. எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க சம்பந்தி, சீரு செனத்தி எதுவும் வேண்டாம், உங்க புள்ள எங்க ஊட்டுக்கு வந்தாப் போதும். உங்களாட்ட ஒழுக்கமான குடும்பத்துல பொண்ணெடுக்கக் குடுத்து வெச்சிருக்கோணும்."

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் லிங்கசாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைக் குமாரசாமி மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார். லிங்கசாமியும் திருத்தவில்லை. குமாரசாமியின் தோளில் கை வைத்து, "மனுசன்னா தப்பு வரும். ஒத்துக்கற மனசு ஒரு சிலருக்குத்தான் இருக்கும்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கூட நடுங்கவில்லை.

திரும்பி வந்தார்கள். கீறல் விழாத காப்பி என்று சொல்லி லிங்கசாமி கொடுத்த அசல் இரண்டாவது டிஸ்க் ஓடியது. பந்தியில் அப்பளம் பெரிதாக இருந்ததைக் கூட்டம் பாராட்டியது. பிறகு முதல் டிஸ்க் ஓடியது. தரணி கூரைச்சீலையோடு வந்து நின்றதும் பெரியாத்தாள், "இந்தப் புள்ளதான் காஞ்ச சீலை கட்டியிருக்குது, இதையே முடிச்சுப் போடுங்க" என்று உத்தரவு போட்டாள். ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

லிங்கசாமி கிளம்பும் நேரத்தில் குமாரசாமியின் மனைவி கண்ணம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இழுத்துப் போர்த்திய முந்தானை, குனிந்த தலை, அதுவரை ஒரு வார்த்தை பேசாத பெண்மணி. வாசலில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, லிங்கசாமி மோரை வாயில் வைத்த பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, அவரு ஒளிச்சு வெச்ச ஆறும் என்ற பீரோவுல சீலைக்கு அடியில பத்திரமா இருக்குதுங்க, எல்லாத்தையும் பாத்து முடிச்சுட்டேன், அவரு பிளக்கப் புடுங்குனதுல உங்களோடதுல மட்டும் ஆரு கொன்னதுன்னு தெரியாமப் போச்சு, ஒரு வாரம் இங்கயே இருக்கட்டுமுங்க."