கிட்டங்கி அண்ணனும் புதுக் கிரகமும்

உலகத்தில் எங்கே எது நடந்தாலும் அது தன் வீட்டுக் கூரைமேல்தான் வந்து விழும் என்று நம்புகிறவர்களில் எங்கள் கிட்டங்கி அண்ணனை மிஞ்சிய ஆள் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஜப்பானில் பூகம்பம் என்றால் அவர் மதுரைத் தெற்கு மாசி வீதியில் சுவரைத் தடவி விரிசல் தேடுவார். சீமையில் விஷக்காய்ச்சல் என்றால் இங்கே தன் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்ப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் நூல் கடையில் யாருக்கும் ஞாபகம் இல்லை. நூல் மூட்டைகள் அடுக்கியிருந்த கிட்டங்கியின் சாவி அவர் இடுப்பில் தொங்கியதால் முதலாளியிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவர் கிட்டங்கி அண்ணன். கடைக்கு மின்சார விளக்குப் போட்டபோது குடையின் மரப்பிடியால்தான் சுவிட்சைத் தட்டுவார். குடையை மறந்து வந்த நாளில் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏண்ணே, கையால தட்டுனா என்ன?" என்று கேட்டேன்.

"மாப்ள, அது கம்பிக்குள்ள ஓடுதுங்கிறான். ஓடுறது எப்ப வெளிய வரும்னு எவன் கண்டான்?"

இப்பேர்ப்பட்ட மனிதர் தன் மகளுக்கு மாப்பிள்ளையாக என்னைத் தேர்ந்தெடுத்தார். நான் பேரையூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். கடை நூலை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தறிக்காரர்களிடம் போய் வருவது என் வேலை. மூன்று ஜோசியர்களிடம் தனித்தனியாகக் காட்டி, மூன்று பேரும் பொருத்தம் என்று சொன்ன பிறகுதான் வாய் திறந்தார். பரவையில் அவர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். தங்கம் காப்பியை நீட்டினாள். தலையைக் குனியாமல் என்னை ஒரு பார்வை நேராகப் பார்த்தாள். காப்பியில் சர்க்கரை இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவளைக் கட்டாவிட்டால் நான் மனிதனாக இருக்கமாட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. வைகாசியில் முகூர்த்தம் குறித்தார்கள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம். பங்குனி வெயில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளி பத்திரிகையை உரக்கப் படிப்பது வழக்கம். அன்று உப்புச் சத்தியாக்கிரகச் செய்தியை முடித்துவிட்டு, "அமெரிக்காவுல புதுசா ஒரு கெரகத்தக் கண்டுபுடிச்சிருக்கானாம்யா. ஒம்பதாவது" என்றார்.

"ஒம்பதுதான் ஏற்கெனவே இருக்கே மொதலாளி. ராகு கேதுவோட" என்றார் அண்ணன்.

"இது வேறய்யா. இம்புட்டு நாளா எவன் கண்ணுலயும் படாம இருந்துச்சாம்."

"இம்புட்டு நாளான்னா?"

"உலகம் உண்டான நாள்லருந்துதான்."

அண்ணன் பக்கத்து மூட்டைமேல் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப எம் மக பொறந்தப்பவும் அது அங்கனதான் இருந்திருக்கு. சாதகத்துல அதப் போடலயே!"

நான் வைகாசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன்.

மறுநாளே மூன்று ஜோசியர்களையும் உலுக்கி எடுத்தார். இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாமவர், "தெரியாத கெரகத்துக்குப் பலன் கெடையாதுய்யா" என்று தைரியம் சொன்னார்.

"தெரியாம மிதிச்சா பாம்பு கடிக்காதா?" என்று கேட்டார் அண்ணன். அவரும் கதவைச் சாத்திவிட்டார்.

சரி, படித்தவர் யாராவது சொன்னால் கேட்பார் என்று பசுமலைக்கு ஒரு சயன்ஸ் வாத்தியாரிடம் அழைத்துப் போனேன். நல்ல மனிதர். மேஜையில் எலுமிச்சம்பழங்களைப் பரப்பி, சூரியன் இது, பூமி இது என்று காட்டினார். புதுக் கிரகம் வெகு தூரத்தில் இருக்கிறது, நம்மை ஒன்றும் செய்யாது என்றார். அண்ணன் முகம் கொஞ்சம் தெளிந்தது. அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். "உங்க ஜாதகத்துல இல்லாதது இது ஒண்ணு மட்டுமா? இதுக்கு முன்னாடியே ரெண்டு கண்டுபிடிச்சு எத்தனையோ காலமாச்சே!" என்று உற்சாகமாக இன்னும் இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்து வைத்தார்.

"அப்ப மூணு பேரா?" என்றார் அண்ணன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மதுரையில் பழகியவன் பழகாதவன் எல்லாரையும் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணனும் நான் கடையில் சேர்ந்த நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிட்டார். பசுமலை போய் வந்த மறுநாள் காலை நான் கடைக்குள் நுழைந்ததும், "வாங்க தம்பி" என்றார். நிஜ மாப்பிள்ளை ஆகப்போகிறவனைத் தம்பி என்று கூப்பிட்டால் என்ன அர்த்தம்? வைகாசி முகூர்த்தம் தள்ளிப் போயிற்று.

அந்த வருஷம் விஞ்ஞானிகள் எல்லாரும் என் கல்யாணத்தைக் கெடுப்பது என்று சங்கம் வைத்துப் பேசி முடிவு செய்திருந்தார்கள் போலும். ஓர் இங்கிலீஷ்காரப் பெண் தனியாக விமானம் ஓட்டி, நம் தேசத்தையும் தாண்டி ஆஸ்திரேலியா போய் இறங்கினாள். முதலாளி கைதட்டிப் படித்தார். அண்ணன், "ஒத்தப் பொம்பளப்புள்ள ஆகாசத்துல. அவ அப்பன் எப்படிய்யா தூங்குனான்?" என்றார். பிறகு இரண்டு பேர் இரும்பு உருண்டைக்குள் உட்கார்ந்து கடலுக்குள் இறங்கினார்கள். "மேல தேடுனது பத்தாதுன்னு கீழயும் தேடப் போயிட்டானுகளா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆனி போயிற்று, ஆவணியும் போயிற்று. பொறுத்துப் பார்த்த என் அம்மா பேரையூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். "பொண்ணக் குடுக்கிறீகளா, இல்ல வானத்துலருந்து இன்னும் ஆளு வரணுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். "வரக்கூடாதுன்னுதான் ஆத்தா கும்புட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் அண்ணன். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் அந்தச் செய்தி வந்தது. இந்தியாவுக்கு வரப் புறப்பட்ட பெரிய ஆகாயக் கப்பல் ஒன்று பிரான்சு தேசத்தில் விழுந்து எரிந்து, உள்ளே இருந்தவர்கள் கருகிப்போனார்கள். பார்த்தாயா, நான் சொன்னேனே என்று அண்ணன் குதிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் எழுந்து கிட்டங்கிக்குள் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். மூட்டைகளுக்கு நடுவே மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லாக் கணக்குப் பாத்துத்தான அனுப்பிச்சிருப்பான்? அம்புட்டும் பாத்துத்தான அனுப்பிச்சிருப்பான்?" என்றார். பிறகு தானாகவே சொன்னார். "மூத்தவளுக்குப் பத்துக்குப் பத்துப் பொருத்தம் தம்பி. பேரையூருக்கு அங்கிட்டுத்தான் குடுத்தேன். தலப்பிரசவத்துல போயிட்டா. புள்ளையும் போச்சு. சாதகத்துல ஒரு கொறையும் இல்லன்னு எல்லாரும் சொல்றான். ஒண்ணுமே இல்லாமயா போனா? எவனோ ஒருத்தன் மறஞ்சு நின்னிருக்கான். இப்பத்தான் ஆளு தெரிஞ்சிருக்கு."

அவருக்கு ஒரு மூத்த மகள் இருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவரை வைத்து இத்தனை மாதமாகக் கடையில் நாங்கள் சிரித்திருந்தோம். என் கல்யாணம் நடக்காது என்று பயந்து அலைந்தவனுக்கு, அந்த மனிதர் இன்னொரு மகளையும் பறிகொடுக்கப் பயந்து அலைகிறார் என்பது அதுவரை உறைக்கவே இல்லை.

ஐப்பசிக் கடைசியில் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவருக்கு நோபல் பரிசு என்று செய்தி வந்தது. ஒளியைப் பற்றி எதையோ கண்டுபிடித்திருந்தார். ஊரே கொண்டாடியது. அண்ணன் மட்டும், "வெளிச்சத்தயே பிரிச்சுப் பாத்தவருக்கு அந்த மூணு பேரப் பத்தித் தெரியாமலா இருக்கும்? நேர்ல கேட்டுட்டு வாரேன்" என்று கல்கத்தாவுக்குப் போக லீவு கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஊருக்குப் போய் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பரவைக்கு ஓடினேன்.

நாங்கள் போனபோது அவர் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "ஒரு மாசம் பொறுங்க தம்பி. கேட்டுட்டு வந்துர்றேன்" என்றார்.

உள்ளேயிருந்து தங்கம் வெளியே வந்தாள். பெண் பார்த்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவளைப் பார்க்கிறேன்.

"எங்கயும் போக வேணாம்ப்பா. அக்காவுக்கு வலி எடுத்தது விடியக்காலம். மதுர ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுனது உச்சி வெயில்ல. திருமங்கலம் வாரதுக்குள்ள மாடு படுத்துருச்சு. தொணைக்குப் போயிருந்த நானுந்தான வண்டில இருந்தேன்? அவ கையப் புடிச்சுக்கிட்டு நாந்தான உக்காந்திருந்தேன்? வானத்துல ஒருத்தனும் இல்லப்பா."

என் அம்மா வாய்க்குள் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. கெரகத்த நெனச்சு இல்ல, அந்த ரோட்ட நெனச்சு" என்றவள் என் பக்கம் திரும்பினாள். அதே நேர்ப் பார்வை. "மதுரையிலயே, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல வீடு பாப்பீகளா?"

"பாக்குறேன்" என்றேன். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய சத்தியம் எதுவும் நான் செய்ததில்லை. அண்ணன் துணிமூட்டையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். இறுகக் கட்டியிருந்ததால் அவிழவில்லை. தங்கம்தான் அவிழ்த்துக் கொடுத்தாள்.

தையில் கல்யாணம் நடந்தது. கிட்டங்கி அண்ணன் எனக்கு மாமா ஆனார். வீடு பார்க்கும் பொறுப்பை மட்டும் மாமா என்னிடம் விடவில்லை. அவரே அலைந்து, பெண்கள் ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டினாற்போல் ஒரு வீடு பிடித்தார். ரசம் கொதித்தால்கூடப் பினாயில் வாசனைதான் அடிக்கும். தங்கம் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து தினமும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கும் நடந்து பார்ப்பார். வழியில் மாடு படுத்திருந்தால் எழுப்பி விரட்டிவிட்டுத்தான் வருவார்.

அந்த நாளும் வந்தது. வலி எடுத்ததும் நடந்தே கூட்டிக்கொண்டு போய்விட்டோம். மாமா வராந்தாவில் ஒரு தூணைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். உள்ளே சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கண்கள் இறுக மூடிக்கொள்ளும். கடைசியில் நர்ஸ் வெளியே வந்து, "பொம்பளப் புள்ள. தாயும் புள்ளயும் சொகமா இருக்காக" என்றாள்.

மாமா தூணோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். என் அம்மா சந்தோஷத்தில், "எத்தன மணிக்குத் தாயி பொறந்தா? சாதகம் எழுதணும், நேரத்தச் சொல்லு" என்றாள். நர்ஸ் சொல்ல வாயெடுத்தாள்.

"சொல்லாதீக!" என்று மாமா போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. ஓடிவந்து நர்ஸ் முன்னால் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் ஓடியது. "யாரும் நேரத்தக் குறிக்கக் கூடாது. இவளுக்குச் சாதகமே வேணாம். இவ வந்தது மேல இருக்கிற ஒருத்தனுக்கும் தெரிய வேணாம்."

மாமாவின் அந்தப் பேத்திக்கு, என் மகளுக்கு, நானே பின்னாளில் மாப்பிள்ளை தேடினேன். வந்தவர்கள் எல்லாரும் ஜாதகம் கேட்டார்கள். இல்லை என்றேன். பிறந்த நேரத்தையாவது சொல்லுங்கள், எழுதிவிடலாம் என்றார்கள். கேட்டால் சொல்ல அந்த நர்ஸ் அப்போதும் அடுத்த தெருவில்தான் இருந்தாள். போய்க் கேட்க எனக்கு மனசு வரவில்லை.